நிலையான முகவரியை எங்களுக்கு விற்காதீர்கள்: மலையில் இணையம் தரும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

சூரியநெல்லி, சின்னக்கானல், பெரியகானல், பூப்பாறை, சாந்தன்பாறைப் பகுதிகளில் வீடுகளுக்குக் கேபிளும் ஃபைபரும் இழுத்து இணையம் தருகிற நண்பர்களே,

வேகம் குறைவு என்று குறைசொல்ல இந்த மடலை எழுதவில்லை. மழைக்காலத்தில் இணைப்பு அறுந்துபோவதைப் பற்றியும் எழுதவில்லை. மரம் சாய்ந்து கம்பி அறுந்தால் யானை நடமாடும் பாதையில் ஏணியைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் நீங்கள்தான் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். நான் பேச வந்தது உங்கள் கட்டண அட்டையின் கடைசியில் சிறிய எழுத்தில் இருக்கும் ஒரு வரியைப் பற்றி: ஸ்டாட்டிக் ஐ.பி. வேண்டுமென்றால் தனிக் கட்டணம். வீட்டில் மாட்டிய கேமராவின் ரெக்கார்டரை வெளியூரிலிருந்து நேரடியாகத் திறக்க முடியவில்லை என்று வாடிக்கையாளர் கேட்டாலும், பையன் விளையாடும் கேமில் நண்பர்களோடு சேர முடியவில்லை என்று கேட்டாலும், வீட்டுக் கணினிக்குள் தொலைவிலிருந்து நுழைய முடியவில்லை என்று கேட்டாலும், உங்களிடமிருந்து வருவது ஒரே பதில்தான்: 'ஸ்டாட்டிக் எடுத்துக்குங்க, சரியாகிடும்.' எடுத்தால் சரியாகிவிடுகிறது என்பது உண்மைதான். ஆனால் சரியானதற்குக் காரணம் முகவரி நிலையானது அல்ல. பெரும்பாலான வீடுகளுக்கு நிலையான முகவரியே தேவையில்லை. தேவையில்லாத ஒன்றை விற்று, தேவையான ஒன்றைச் சத்தமில்லாமல் அதற்குள் வைத்துத் தருகிறீர்கள். தெரிந்தே செய்கிறீர்கள் என்று நான் குற்றம் சாட்டவில்லை. உங்களில் பலருக்கே இந்த வேறுபாடு மேலிருந்து சொல்லப்படவில்லை என்றுதான் நினைக்கிறேன். அதனால்தான் இதை உங்கள் தலைமை அலுவலகங்களுக்கு எழுதாமல் நேராக உங்களுக்கே எழுதுகிறேன்.

வீட்டு இணைப்பின் முகவரியைப் பற்றி இரண்டு கேள்விகள் உண்டு. முகவரி மாறுகிறதா, மாறாமல் இருக்கிறதா என்பது ஒன்று. அந்த முகவரி அந்த வீட்டுக்கு மட்டும் உரியதா, பல வீடுகள் சேர்ந்து பங்கிட்டுக்கொள்வதா என்பது மற்றொன்று. இரண்டும் தொடர்பில்லாதவை. ஒரு முகவரி மாறக்கூடியதாகவும் ஒரே வீட்டுக்கு உரியதாகவும் இருக்கலாம். பல ஆண்டுகள் பி.எஸ்.என்.எல். செம்புக் கம்பி இணைப்புகள் அப்படித்தான் இருந்தன. ரூட்டரை அணைத்துப் போட்டால் எண் மாறும். ஆனாலும் அந்த நேரத்தில் அந்த எண் அந்த வீட்டினுடையதுதான். வெளியிலிருந்து கதவைத் தட்டினால் அந்த வீட்டுக்குத்தான் கேட்கும். எண் மாறுவது ஒரு தொல்லைதான், ஆனால் சமாளிக்கக்கூடிய தொல்லை. 'டைனமிக் டி.என்.எஸ்.' என்ற எளிய ஏற்பாடு உண்டு: ரூட்டர் தன் புதிய எண்ணை ஒரு பெயரோடு தானே பதிந்துகொண்டே இருக்கும், நாம் பெயரை மட்டும் நினைவில் வைத்தால் போதும். இலவசமாகவே கிடைக்கிறது, சாதாரண ரூட்டர்களில்கூட அதற்கான இடம் இருக்கிறது. ஆனால் முகவரி பங்கிடப்பட்டதாக இருந்தால் இந்த ஏற்பாடு பயன்படாது. எஸ்டேட் லயத்துக்கு வரும் கடிதமெல்லாம் எஸ்டேட் ஆபீஸ் முகவரிக்கே வந்து சேர்ந்த காலத்தை எண்ணிப் பாருங்கள். லயத்திலிருந்து வெளியே எழுதுவதில் தடையில்லை. வெளியிலிருந்து வருவதில் பெயர் இல்லையென்றால் எந்த வீட்டுக்கு என்று ஆபீசில் யாருக்கும் தெரியாது. இன்று நீங்கள் எங்களுக்குத் தரும் பெரும்பாலான இணைப்புகள் இந்த நிலையில்தான் இருக்கின்றன. ரூட்டரின் பக்கத்தைத் திறந்து வெளி முகவரியைப் பார்த்தால் அது 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணில் தொடங்கும், அல்லது 10 என்று தொடங்கும். முதல் வரிசை எண்கள் 2012 ஏப்ரலில் உலகத் தரநிலைக் குழு இந்தப் பங்கீட்டுக்கென்றே ஒதுக்கியவை. உங்கள் வலைக்குள் மட்டும் செல்லுபடியாகும், வெளியே செல்லாது. இதற்குத் தொழிலில் சி.ஜி.நாட் என்று பெயர். கட்டண அட்டையில் இந்தப் பெயர் எங்கும் இல்லை.

மாறும் முகவரி என்ற ஏற்பாடே எப்படி வந்தது என்று பார்த்தால், இன்று அதை நியாயப்படுத்தச் சொல்லப்படும் காரணம் எவ்வளவு பழசு என்பது விளங்கும். 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டபோது அது தொலைபேசி வழி டயல் செய்யும் இணையம். ஒரே நேரத்தில் எல்லாரும் இணைப்பில் இருக்க மாட்டார்கள். ஆயிரம் பேருக்கு நூறு எண்கள் போதும். ஒருவர் போனை வைத்ததும் அவருடைய எண் அடுத்தவருக்குப் போகும். முகவரியைக் கடனாகக் கொடுத்து வாங்கும் டி.எச்.சி.பி. முறையும் அலுவலகங்களுக்கு அதே கணக்கில் பயன்பட்டது. இன்று உங்கள் ஃபைபர் பெட்டி எங்கள் சுவரில் இரவு பகலாக எரிந்துகொண்டே இருக்கிறது. எல்லா வீடும் எல்லா நேரமும் இணைப்பில் இருக்கும்போது, எண்ணை மாற்றிக்கொண்டே இருப்பதால் ஓர் எண்கூட மிச்சமாகாது. மாறும் முகவரி சிக்கனத்துக்காக என்ற வாதம் டயல்-அப்போடு முடிந்துபோன வாதம். இப்போது அது இருப்பதற்கு இரண்டு காரணங்கள் மட்டுமே தெரிகின்றன: நிர்வாகம் எளிது, மாறாததைத் தனியாக விற்கலாம். முதலாவது நியாயமான காரணம், மறுக்கவில்லை. இரண்டாவதைப் பற்றி நீங்கள்தான் சொல்ல வேண்டும். நம் மலையில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. தென்மேற்குப் பருவமழை இறங்கிவிட்டால் மின்சாரம் நிலையாக நிற்காது. ஒவ்வொரு முறை கரண்ட் போய் வரும்போதும் ரூட்டர் புதிதாக விழிக்கிறது, எண்ணும் மாறுகிறது. காற்றும் மழையும் அடிக்கும் இரவில், வீட்டை எட்டிப் பார்க்க வேண்டிய அதே நேரத்தில் முகவரி கைநழுவுகிறது.

கேமரா இங்கே ஆடம்பரம் அல்ல என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அரிக்கொம்பன் என்ற காட்டுயானையை 2023 ஏப்ரல் 29 அன்று மயக்க ஊசி போட்டுப் பெரியாறு புலிகள் காப்பகத்துக்குக் கொண்டுபோன பிறகும் யானைகள் வருவது நிற்கவில்லை. பன்னியாறு ரேஷன் கடை எத்தனை முறை உடைந்தது என்பதை நினைத்துப் பார்த்தால், வாசலில் என்ன நிற்கிறது என்று வெளியே போகாமல் பார்ப்பதன் மதிப்பு புரியும். கொழுக்குமலைக்கு ஜீப் ஏற வரும் பயணிகளை நம்பி வீட்டின் ஒரு பகுதியை விடுதியாக்கியவர்களில் சிலர் கீழே போடியில் இருந்துகொண்டே அதைக் கவனிக்கிறார்கள். பிள்ளைகள் கோயம்புத்தூரிலும் சென்னையிலும் வேலை பார்க்க, பெற்றோர் மட்டும் மேலே இருக்கும் வீடுகள் ஏராளம். 'கேமரா கம்பெனியின் செயலியில்தான் எல்லாம் தெரிகிறதே, ஐ.பி. எதற்கு?' என்று கேட்பீர்கள். தெரிகிறது. பங்கிட்ட முகவரியைத் தாண்டுவதற்காக அந்தச் செயலி கேமரா நிறுவனத்தின் சர்வரைத் துணைக்கு அழைக்கிறது. பல நேரங்களில் படமே அந்தச் சர்வர் வழியாகத்தான் போய் வருகிறது. அந்தச் சர்வர் எந்த நாட்டில் இருக்கிறது, படத்தை யார் பார்க்கலாம், அந்த நிறுவனம் கடையை மூடினால் என்ன ஆகும் என்பதெல்லாம் எங்கள் கையில் இல்லை. எங்கள் வீட்டு வாசலை நாங்கள் பார்க்க மூன்றாம் ஆளிடம் கேட்க வேண்டிய நிலை. அந்த நிலையை உருவாக்கியதில் உங்கள் பங்கீட்டுக்கும் பங்கு உண்டு.

உங்கள் சிரமத்தையும் சொல்லிவிடுகிறேன். அதைச் சொல்லாமல் கேட்பது நேர்மை ஆகாது. பழைய முறையான ஐ.பி.வி.4இல் மொத்த முகவரிகளே சுமார் 429 கோடி. உலகளாவிய கையிருப்பு 2011 பிப்ரவரி 3 அன்று தீர்ந்தது. ஆசிய-பசிபிக் பதிவகமான ஏப்னிக் அதே ஆண்டு ஏப்ரலில் கடைசித் தொகுதிக்கு வந்து, அதன்பிறகு புதிய உறுப்பினருக்கு 1,024 முகவரிகள் மட்டும் என்று கட்டுப்படுத்தியது. 2019இல் அதையும் 512 ஆக்கியது. தாமதமாக வந்த சிறிய இணைய நிறுவனம் பல்லாயிரம் வீடுகளை 512 எண்ணில் எப்படி அடக்கும்? பங்கிட்டே தீர வேண்டும். வெளிச்சந்தையில் வாங்கலாம், ஆனால் விலை என்ன? திவாலான நோர்டெல் நிறுவனத்திடமிருந்து 2011இல் மைக்ரோசாப்ட் ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்ட முகவரிகளை 75 லட்சம் டாலருக்கு வாங்கியபோது ஒன்று 11 டாலர் சொச்சம். பத்தாண்டில் அது பல மடங்கு ஏறியது. 2024 பிப்ரவரியிலிருந்து அமேசானின் கணினி வாடகைச் சேவைகூட ஒவ்வொரு பொது முகவரிக்கும் மணிக்கணக்கில் காசு கேட்கிறது. மாதம் சில நூறு ரூபாய் கட்டும் வீட்டுக்கு இப்படிப்பட்ட ஒரு முகவரியை நிரந்தரமாகக் கொடு என்று நான் கேட்டால் அது விவரமற்ற கோரிக்கை. அதனால்தான் தலைப்பிலேயே சொன்னேன், நிலையான ஐ.பி.வி.4 முகவரி எங்களுக்கு வேண்டாம். வேண்டியது வேறு. அதற்கு முன், பங்கீட்டால் எங்களுக்கு நேரும் இழப்பு கேமராவோடு நிற்பதில்லை என்பதையும் நீங்கள் கேட்க வேண்டும்.

ஒரு முகவரிக்கு 65,536 போர்ட்கள், அதாவது இணைப்புகளுக்கான வாசல் எண்கள், உண்டு. அவற்றை 64 வீடுகளுக்குச் சமமாகப் பிரித்தால் வீட்டுக்கு ஆயிரம்தான் வரும். நான்கு செல்பேசி, ஒரு டி.வி., பிள்ளையின் மடிக்கணினி எல்லாம் ஒரே நேரத்தில் ஓடும் வீட்டில், ஒரு செய்தித் தளத்தைத் திறந்தாலே பல பத்து இணைப்புகள் எழுகிற இந்தக் காலத்தில், ஆயிரம் பெரிய எண் அல்ல. 'வேகம் நல்லா இருக்கு, ஆனா பக்கம் பாதியில நிக்குது' என்று உங்களிடம் வரும் புகார்களில் ஒரு பகுதி இதனாலும் இருக்கலாம். அடுத்தது அக்கம்பக்கத்தார் செய்ததற்கு நாம் தண்டனை அனுபவிப்பது. ஒரே முகவரிக்குப் பின்னால் இருக்கும் வீடுகளில் ஒன்றின் கணினியில் வைரஸ் புகுந்து குப்பை மின்னஞ்சல் அனுப்பினால், அந்த முகவரியை ஒதுக்கும் தளங்கள் எல்லா வீட்டையும் சேர்த்தே ஒதுக்குகின்றன. இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 2007 புத்தாண்டு வேளையில் ஓர் உதாரணம் கிடைத்தது. கத்தார் நாட்டு மக்கள் ஏறக்குறைய எல்லாரும் ஒரே முகவரி வழியாக வெளியே வந்துகொண்டிருந்தார்கள். அங்கிருந்து யாரோ செய்த சேட்டைக்காக விக்கிப்பீடியா அந்த முகவரியைத் தடுத்தபோது, பெயர் பதியாமல் எழுதும் வழி ஒரு நாடு முழுவதற்கும் சில மணி நேரம் அடைபட்டது.

இதையெல்லாம்விடக் கனமான ஒன்று உண்டு. குற்ற விசாரணையில் காவல்துறை முதலில் கேட்பது ஐ.பி. முகவரியைத்தான். 2007 ஆகஸ்ட் கடைசியில், ஆர்குட் தளத்தில் சத்ரபதி சிவாஜியை இழிவுபடுத்தும் படம் போட்டதாகப் பெங்களூரு மென்பொருள் ஊழியர் ஒருவரைப் புனே காவல்துறை கைது செய்தது. குறிப்பிட்ட நேரத்தில் அந்த முகவரி யாரிடம் இருந்தது என்று இணைய நிறுவனம் கொடுத்த விவரம் பிழையானது. செய்யாத குற்றத்துக்கு அவர் ஏறத்தாழ ஐம்பது நாள் சிறையில் இருந்தார். அங்கே பிரச்சினை, முகவரிக்கு உரியவராகத் தவறான ஓர் ஆளைக் காட்டியது. இன்று ஒரே நொடியில் ஒரே முகவரியில் பல வீடுகள் இருக்கின்றன. எந்த வீடு என்று சொல்ல முகவரியோடு போர்ட் எண்ணும் நொடி துல்லியமான நேரமும் வேண்டும். 2017இல் ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோல் இந்தப் பங்கீட்டு முறையை முடிவுக்குக் கொண்டுவர வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்டதும் இதனால்தான். நம் நாட்டில் கணினிப் பாதுகாப்பைக் கவனிக்கும் செர்ட்-இன் அமைப்பின் 2022 ஏப்ரல் 28 ஆணை, பதிவேடுகளை 180 நாள் வைத்திருக்கவும் கணினிக் கடிகாரங்களை அரசு நேரச் சர்வர்களோடு ஒத்திசைக்கவும் சொல்கிறது. உங்கள் வலையில் இது ஒழுங்காக நடக்கிறது என்று நீங்கள் உறுதி சொல்வீர்களா? கடிகாரம் ஒரு நிமிடம் பிசகினால், காவல் நிலையத்துக்குப் போக வேண்டியவர் சிங்குகண்டத்தில் இருக்க, அழைப்பு முட்டுக்காட்டு வீடு ஒன்றுக்கு வரும்.

வழி இருக்கிறது, அது புதியதும் அல்ல. புதிய முகவரி முறையான ஐ.பி.வி.6இன் தரநிலை வெளியானது 1998 டிசம்பரில். ஓர் இணைய நிறுவனத்துக்குப் பதிவகம் வழக்கமாகத் தரும் தொடக்க ஒதுக்கீட்டைத் தொழிலில் ஸ்லாஷ் 32 என்பார்கள். அதிலிருந்து ஸ்லாஷ் 56 அளவிலான வீட்டுத் தொகுதிகள் 1 கோடியே 67 லட்சத்துக்கு மேல் பிரிக்கலாம். 2011 கணக்கெடுப்பில் கேரளத்தின் மக்கள்தொகை 3.34 கோடி. அதாவது ஒரே ஒரு நிறுவனத்தின் தொடக்க ஒதுக்கீடு, கேரளத்தில் இரண்டு பேருக்கு ஒரு தொகுதி வீதம் கொடுக்கப் போதும். அந்த ஒவ்வொரு தொகுதிக்குள்ளும் 256 தனித்தனி வலைகளுக்கு இடம் இருக்கும். இங்கே பற்றாக்குறை என்ற பேச்சுக்கே இடமில்லை. எனவே மாறாத முகவரியைத் தனியாக விற்பதற்கான காரணமும் இல்லை. வீட்டுக்குத் தரும் தொகுதி மாறாமல் இருப்பதே நல்லது, மாறினால் வீட்டுக்குள் இருக்கும் கருவிகள் பழைய முகவரியைப் பிடித்துக்கொண்டு தடுமாறும் என்று ரைப் எனப்படும் ஐரோப்பிய வலையாளர் சமூகம் 2017இலேயே நடைமுறைப் பரிந்துரையாக எழுதிவைத்திருக்கிறது.

'இதெல்லாம் அமெரிக்காவில், ஜெர்மனியில் நடக்கும் கதை' என்று தள்ளிவிட முடியாது. இந்த விஷயத்தில் இந்தியா உலகின் முன்வரிசையில் இருக்கிறது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபோது ஐ.பி.வி.6ஐ அடித்தளமாகக் கொண்டே வந்தது. மற்ற செல்பேசி நிறுவனங்களும் பின்தொடர்ந்தன. இந்தியாவிலிருந்து கூகுளைத் தொடுகிறவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இந்தப் புதிய முறையில்தான் வருகிறார்கள். உங்கள் சட்டைப்பையில் இருக்கும் போன் இதைப் பேசுகிறது. அதே போன் வீட்டுக்குள் வந்து உங்கள் வைஃபையைத் தொட்டதும் பழைய காலத்துக்குத் திரும்பிவிடுகிறது. தொலைத்தொடர்புத் துறை 2010 ஜூலையில் முதல் வழிவரைபடம் போட்டது, 2013 மார்ச்சில் இரண்டாவது. கெடு தள்ளித் தள்ளிப் போய், 2022 டிசம்பர் 31க்குப் பிறகு தரும் ஒவ்வொரு புதிய வீட்டுக் கம்பி இணைப்பும் ஐ.பி.வி.6 தாங்க வேண்டும் என்று சொன்னது. அதற்குப் பின் நீங்கள் சூரியநெல்லியில் போட்ட இணைப்புகளில் எத்தனையில் இது ஓடுகிறது? பல பெட்டிகளில் வசதி உள்ளேயே இருக்கிறது, அமைப்புப் பக்கத்தில் அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது.

உங்கள் மறுப்புகள் எனக்குத் தெரியும். முதலாவது, 'யாரும் கேட்பதில்லை.' கேட்பதற்கு முதலில் தெரிய வேண்டும். கேமரா தெரியவில்லை என்று வருகிறவர் இதைத்தான் கேட்கிறார். பெயர் தெரியாமல் கேட்கிறார், அவ்வளவுதான். இரண்டாவது, 'வெளியிலிருந்து கதவு திறந்தால் திருடன் வருவான்.' இது கவனத்துக்குரிய மறுப்பு. 2016 அக்டோபர் 21 அன்று மிராய் என்ற நச்சுநிரல் லட்சக்கணக்கான கேமராக்களையும் ரூட்டர்களையும் கைப்பற்றி, டைன் என்ற பெயர்ச் சேவை நிறுவனத்தைத் தாக்கியதில் ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் உட்படப் பல தளங்கள் மணிக்கணக்கில் முடங்கின. தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை யாரும் மாற்றாததுதான் அதற்கு வழிவிட்டது. ஆனால் முகவரிப் பங்கீடு காவலுக்காகச் செய்யப்பட்ட ஏற்பாடு அல்ல. தற்செயலாக நடுவில் நிற்கும் ஒரு சுவர். உண்மையான காவல் ரூட்டரின் ஃபயர்வால். நாங்கள் அழைக்காத எதையும் உள்ளே விடாதே, சொன்ன ஒன்றை மட்டும் விடு என்று அதை வைக்கலாம். வீட்டு ரூட்டர்களில் ஐ.பி.வி.6க்கு இப்படிப்பட்ட காவல் வசதிகளை 2011இலேயே தரநிலைக் குழு பரிந்துரைத்திருக்கிறது. சில மலிவுப் பெட்டிகளில் இது அணைந்தே வருகிறது என்பதால்தான் இணைப்புப் போடும்போது நீங்கள் அதைப் பார்த்து ஏற்றிவைக்க வேண்டும் என்கிறேன். அதோடு அந்தப் பெட்டியின் 'அட்மின், அட்மின்' கடவுச்சொல்லையும் மாற்றிவிட்டுப் போங்கள். ஐந்து நிமிட வேலை. ஸ்டாட்டிக் ஐ.பி. விற்கும்போது இந்த ஐந்து நிமிடத்தை நீங்கள் செலவிடுவதில்லை என்பதையும் கவனியுங்கள். காசு வாங்கிக்கொண்டு கதவைத் திறந்துவிட்டுப் பூட்டைச் சொல்லாமல் போவதுதான் இப்போதைய நடைமுறை.

மூன்றாவது மறுப்பு அந்தரங்கம் சார்ந்தது. மாறாத முகவரி என்றால் விளம்பர நிறுவனங்கள் அதே வீடு என்று எளிதாக அடையாளம் காணும். மாறுவதே பாதுகாப்பு என்பார்கள். இதில் உண்மை உண்டு. மாறும் முகவரியும்கூடத் தனிநபர் தகவலாகலாம் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2016 அக்டோபரில் தீர்ப்பளித்தது. முகவரிக்கு அவ்வளவு கனம் இருக்கிறது. ஆனால் இன்று எங்களைப் பின்தொடர்கிறவர்கள் முகவரியை மட்டுமா நம்பியிருக்கிறார்கள்? கூகுளிலும் ஃபேஸ்புக்கிலும் பெயரோடு உள்நுழைந்துவிட்டு முகவரி மாறுவதால் ஒளிந்துகொண்டோம் என்று எண்ணுவதில் பொருளில்லை. ஐ.பி.வி.6இல் கருவியின் பாதி எண் அவ்வப்போது தானே மாறும் ஏற்பாடு 2001இலிருந்தே உண்டு. இன்றைய போன்கள் அதைக் கடைப்பிடிக்கின்றன. வீட்டுத் தொகுதியும் மாற வேண்டும் என்று ஒருவர் விரும்பினால் மாற்றிக்கொடுங்கள். தேர்வு வாடிக்கையாளருடையதாக இருக்கட்டும். எங்கள் அந்தரங்கத்தைக் காப்பதற்காகத்தான் எண்ணை மாற்றுகிறோம் என்று நீங்கள் சொன்னால் மட்டும் நான் நம்ப மாட்டேன். காசு கொடுத்தால் அந்தக் காவலை உடனே விலக்கிக்கொள்கிறீர்களே.

நான்காவதாக, 'எங்கள் கையில் என்ன இருக்கிறது, முடிவு கொச்சியிலும் திருவனந்தபுரத்திலும் எடுக்கிறார்கள்' என்பீர்கள். கேரளாவிஷன் யாருடையது? பெரிய நிறுவனங்களின் போட்டியில் மூழ்காமல் இருக்க, கேரளத்தின் சிறிய கேபிள் ஆபரேட்டர்கள் தாங்களே சேர்ந்து எழுப்பியது. உங்களில் பலருக்கு அதில் குரல் இருக்கிறது. கே-ஃபோன் யாருடையது? மின்வாரியமும் மாநில அரசும் சேர்ந்து, மின்கம்பங்கள் வழியாகவே ஃபைபர் இழுத்து, 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு என்ற வாக்குறுதியோடு 2023 ஜூன் 5 அன்று தொடங்கிய பொது வலை. முதல் கட்டத்தில் சட்டமன்றத் தொகுதிக்கு நூறு வீதம் 14,000 வீடுகள். பொதுப்பணத்தில் போட்ட கம்பியில் பொதுவான முகவரியைக் கேட்பது மிகையான ஆசை அல்ல. இணையத்தை அணுகுவது கல்வி உரிமையோடும் அந்தரங்க உரிமையோடும் பிணைந்தது என்று கேரள உயர் நீதிமன்றம் 2019 செப்டம்பரில் சொன்ன மாநிலம் இது. வாடிக்கையாளர் ஆயிரம் பேர் தனித்தனியாக உதவி எண்ணை அழைத்தால் ஆயிரம் புகார் எண்கள்தான் கிடைக்கும். பத்து ஆபரேட்டர்கள் சேர்ந்து கேட்டால் மேலே பதில் சொல்லியாக வேண்டும்.

கடைசியாக ஒன்று: 'பழைய கேமரா ரெக்கார்டருக்கு ஐ.பி.வி.6 தெரியாது.' உண்மை. பல பழைய பெட்டிகளுக்குத் தெரியாது, சில இணையதளங்களும் இன்னும் பழைய முறையில் மட்டுமே இருக்கின்றன. அதனால் ஐ.பி.வி.4ஐ நிறுத்தச் சொல்லவில்லை; பங்கிட்டபடியே அது பக்கத்தில் ஓடட்டும். வீட்டுப் போக்குவரத்தில் பெரும்பங்கு புதிய வழியில் போய்விட்டால் பங்கீட்டின் நெருக்கமும் குறையும், உங்கள் செலவும் குறையும். பழைய ரெக்கார்டர் வைத்திருக்கிற சிலர் கேட்டால் அவர்களுக்குப் பங்கிடாத, மாறக்கூடிய ஒரு பொது முகவரி கொடுங்கள்; பெயர்ப் பதிவு ஏற்பாட்டை வைத்துக்கொண்டு அவர்கள் சமாளிப்பார்கள். நிலையான ஐ.பி.வி.4 யாருக்கு உண்மையில் தேவை? வீட்டிலிருந்து வேலை பார்க்கும் ஒருவரின் அலுவலகம் குறிப்பிட்ட எண்ணிலிருந்து வந்தால்தான் உள்ளே விடும் என்றால் அவருக்கு. சொந்தமாகச் சர்வர் நடத்துகிறவருக்கு. விரல்விட்டு எண்ணலாம். அவர்களிடம் கட்டணம் வாங்குங்கள், அதில் எனக்கு வருத்தமில்லை.

ஆகவே உங்களிடம் கேட்பது இவைதான். புதிய இணைப்புப் போடும்போது, முகவரி பங்கிட்டதா தனியா, மாறுமா மாறாதா என்பதைத் தமிழிலும் மலையாளத்திலும் விண்ணப்பத்திலேயே எழுதிக் கொடுங்கள். வீட்டுப் பெட்டியில் ஐ.பி.வி.6ஐத் திறந்து, ஃபயர்வாலை ஏற்றி, கடவுச்சொல்லை மாற்றிவிட்டுப் போங்கள். மேலே வலையில் அது இன்னும் வரவில்லை என்றால் உங்கள் சங்கக் கூட்டத்தில் அதைத் தீர்மானமாக வையுங்கள். வீட்டுத் தொகுதி கரண்ட் போய் வந்தாலும் மாறாதபடி கேளுங்கள். கடிகாரத்தையும் பதிவேட்டையும் ஒழுங்காக வையுங்கள். அடுத்த முறை ஒருவர் கேமரா தெரியவில்லை என்று வந்தால் 'ஸ்டாட்டிக் எடுங்க' என்று சொல்வதற்கு முன் அவருடைய ரூட்டர் பக்கத்தைத் திறந்து வெளி முகவரியைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரையிலான எண்ணிலோ 10 என்றோ தொடங்கினால், பங்கிட்ட முகவரி என்ற உண்மையை அவரிடம் சொல்லுங்கள். இந்த மடலைப் படித்த பிறகு உங்களில் ஓர் ஆபரேட்டர் முதலில் முன்வந்தால் போதும். பூப்பாறை முதல் சூரியநெல்லி வரை எந்த வீட்டுக்காரரும் அடுத்த இணைப்புக்கு அவரிடம்தான் போவார்.